எடைக்குப் போட்டவை

அந்த அகராதியை 150 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் 200 சொன்னார். முதுகு பிய்ந்திருப்பதைக் காட்டி 50-ஐக் குறைத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதன் மதிப்பு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் பேரம் பேசினேன். பேசாமல் காசை எடுத்து நீட்டினால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றுதான் பேசினேன். அந்த ஒரு நிமிடம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். "என்னண்ணே, இதுக்குப் போயி இருநூறா?" என்று சலித்துக்கொள்கிற முகம்.

1937-ல் வந்த மதுரைத் தமிழ்ப் பேரகராதி அது. வெளியிட்டவர் இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன். அவருடைய புத்தகக் கடை இருந்த இடம் புதுமண்டபம். வெளியூர் நண்பர்களுக்குப் புதுமண்டபத்தை விளக்குவது கொஞ்சம் கஷ்டம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். பேரில்தான் புது, வயது முந்நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. தூண்களில் நாயக்க அரசர்கள் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார்கள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அந்த அரசர்களுக்கு நடுவே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். வளையல், குங்குமம், பித்தளைப் பாத்திரம், சாமிக்குப் பாவாடை, பழைய புத்தகம். ஜூன் மாதம் பிறந்தால் அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். போன வருஷத்துப் பையன் படித்த கணக்குப் புத்தகமும் கோனார் உரையும் பாதி விலைக்குக் கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன் மண்டபத்தைக் காலிசெய்து, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்தில் கட்டிய புது வளாகத்துக்கு மாற்றினார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். என் கடைக்காரர் மட்டும் அங்கே போகவில்லை. பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்.

நான் இருப்பது நாகமலை புதுக்கோட்டையில். கொரோனாவில் ஆரம்பித்த வீட்டிலிருந்து வேலை இன்னும் தொடர்கிறது. பெங்களூரு கம்பெனி, நாகமலை அடிவாரம். வாரத்தில் ஐந்து நாள் திரையைப் பார்க்கிறவனுக்கு சனிக்கிழமை பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, கோயிலைச் சுற்றி நடந்து, அந்த மாடிப்படிக்குக் கீழே குந்தியிருந்து தூசியைக் கிளறுவது ஒரு வழிபாடு மாதிரி. பழைய புத்தகக் கடைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், நாம் போவது புத்தகம் வாங்க மட்டும் இல்லை. ஏதோ ஒன்று மாட்டும் என்று போகிறோம். "மாட்டுச்சுடா" என்று நண்பனுக்குப் போட்டோ அனுப்புகிறோம். மீன்பிடிக்கிறவன் சொல்கிற வார்த்தை அது.

அந்த அகராதி மாட்டிய அன்றும் அனுப்பினேன். சென்னையில் முதல் பதிப்புகள் சேர்க்கிற நண்பன் ஒருவன் இரண்டு நிமிடத்தில் பதில் போட்டான்: "எட்டாயிரம். இன்னைக்கே அனுப்புறேன்." மறுபதிப்பு வந்துவிட்ட புத்தகம்தான். ஆனாலும் முதல் பதிப்புக்கு அவன் கொடுக்கிற விலை அது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உள்ளட்டையைப் பார்த்தேன். நீல மையில் ஒரு பெயர், அதன் கீழே "நாகமலை புதுக்கோட்டை, 12.8.1974". பக்கங்களின் ஓரத்தில் பென்சிலில் பொடிப்பொடியாகக் குறிப்புகள். அகராதியில் இல்லாத சொற்கள், இருக்கும் சொற்களுக்கு வேறு பொருள்கள். பல குறிப்புகளின் முடிவில் "வீ." என்று ஓர் எழுத்து.

என் ஊர், என் பஸ் ரூட். புத்தகம் எங்கள் தெருப் பக்கத்திலிருந்து எடைக்குப் போய், டவுனுக்குப் போய், என் மடியில் ஏறித் திரும்ப ஊருக்கு வந்துகொண்டிருந்தது. மாட்டியதாக நான் நினைத்த பொருளுக்கு ஒரு வீடு இருந்திருக்கிறது.

*

இந்தக் கணக்கை எனக்கு முதலில் காட்டிய ஊர் ஹே-ஆன்-வை. 2018-ல் ஆன்சைட் வேலையாக ஏழு மாதம் கார்டிஃபில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை ஹெரிஃபோர்ட் வரை ரயில், அங்கிருந்து பஸ். ஹேவுக்கு ரயில் கிடையாது. வேல்ஸும் இங்கிலாந்தும் முட்டிக்கொள்ளும் எல்லையில், வை ஆற்றங்கரையில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். நடுவில் சிதைந்த கோட்டை. எங்கே திரும்பினாலும் பழைய புத்தகக் கடை.

அதைச் செய்தவர் ரிச்சர்ட் பூத். 1960-களின் தொடக்கத்தில் ஊரின் பழைய தீயணைப்பு நிலையத்தில் ஒரு கடை போட்டார். பிறகு இன்னொன்று, இன்னொன்று, கடைசியில் கோட்டையையே வாங்கினார். 1977 ஏப்ரல் 1 அன்று ஹே ஒரு தனி நாடு, தான் அதன் அரசர் என்று அறிவித்தார். தேதியைக் கவனியுங்கள். ஆனால் அந்த முட்டாள்தினக் கூத்தை உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின, ஊர் பிழைத்துக்கொண்டது. 1988-லிருந்து நடக்கும் இலக்கிய விழா இன்று அந்தக் கடைகளைவிடப் பெரிய சங்கதி. அந்த ஊரைப் பார்த்துத்தான் மகாராஷ்டிரத்தின் ஸ்ட்ராபெரி கிராமமான பிலாரை 2017-ல் புத்தக கிராமமாக ஆக்கினார்கள். ஒரு வித்தியாசம், பிலாரில் புத்தகம் விற்பனைக்கு இல்லை. வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து வாசித்துவிட்டு வரலாம்.

ஹேயில் கோட்டைச் சுவரை ஒட்டி வெட்டவெளியில் அலமாரிகள் நிற்கின்றன. ஆள் கிடையாது, காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துப்போகலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது யோசித்தால் பிடித்ததற்குக் காரணம் வேறோ என்று தோன்றுகிறது. அங்கே ஏமாறுவதற்கு எதிரே ஆள் இல்லை.

அன்று ஒரு கடையில் எடுத்த பொருளாதாரப் புத்தகம் ஒன்றில் சுரங்கத் தொழிலாளர் மன்றம் ஒன்றின் நூலக முத்திரை இருந்தது. அறைக்கு வந்துதான் தேடிப் படித்தேன். தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து வாராவாரம் சில காசு பிடித்துக்கொடுத்துக் கட்டிய நூலகங்கள் அவை. சுரங்கங்கள் மூடத் தொடங்கியதும் நூலகங்களும் கலைந்தன. புத்தகங்கள் மொத்தமாகப் பழைய புத்தக வியாபாரிகளுக்குப் போயின. மிஞ்சியதைக் காப்பாற்ற 1973-ல் ஸ்வான்சியில் தனியாக ஒரு நூலகமே ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மண்ணுக்கடியில் வேலைபார்த்த ஒருவர் ராத்திரி விளக்கில் படித்த புத்தகத்தை இரண்டு பவுண்டுக்கு வாங்கிவிட்டு, "மாட்டுச்சுடா" என்று நான் மெசேஜ் போட்டிருக்கிறேன்.

எல்லாப் பழைய புத்தகக் கடைகளும் ஏதோ ஒரு சாவிலிருந்தோ மூடுவிழாவிலிருந்தோதான் சரக்கு எடுக்கின்றன. இதில் தப்பு எதுவும் இல்லை. செத்தவர்கள் புத்தகத்தைக் கொண்டுபோகப் போவதில்லை. எனக்கு உறுத்தியது அதற்கடுத்த படி. கைமாறுகிற ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவருக்குத் தெரிகிறது, ஒருவருக்குத் தெரிவதில்லை. விலை அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

*

சிசரோ இதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார். ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காகக் கி.மு. 44-ல் எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு கேள்வி வருகிறது. ஒருவன் தங்கத்தை வைத்துக்கொண்டு பித்தளை என்று நினைத்து விற்கிறான். நல்ல மனிதன் அவனிடம் உண்மையைச் சொல்வானா, அல்லது ஆயிரம் பெறுவதை ஒற்றைக் காசுக்கு வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவானா?

இதற்கு முன்பே ஸ்டோயிக் தத்துவவாதிகள் இருவருடைய சண்டையை அவர் விவரித்திருப்பார். ஒருவர் பாபிலோனின் டயோஜெனிஸ் (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் இல்லை, இவர் வேறு). இன்னொருவர் அவருடைய மாணவர் அந்திபாதர். பஞ்சத்தில் கிடக்கும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ்: பொய் சொல்லாதவரை போதும், வாயை மூடிக்கொண்டிருப்பது மறைப்பது ஆகாது. அந்திபாதர்: சொல்லியே ஆக வேண்டும், மனிதர்கள் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள். சிசரோ அந்திபாதர் பக்கம் சாய்கிறார்.

நான் டயோஜெனிஸ் கட்சிகூட இல்லை. அவர் பொய் கூடாது என்கிறார், நான் முகத்தாலேயே பொய் சொன்னேன்.

ஒரு வாரம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். கடைக்காரர் தொழில் செய்கிறவர், விலை தெரிந்துகொள்வது அவர் வேலை. பேப்பர் கடையிலிருந்து அவர் வாங்கும்போது பேப்பர் கடைக்காரருக்கு இவர் பாடம் எடுக்கிறாரா? பேப்பர் கடைக்காரர் வீட்டு வாசலில் தராசைத் தூக்கிப் பிடிக்கும்போது அந்த வீட்டம்மாவிடம் சொல்கிறாரா? சங்கிலியில் எல்லாரும் ஒருவர் அறியாமையை ஒருவர் தின்கிறோம், நான் கடைசிக் கண்ணி, அவ்வளவுதான். பழைய கார் சந்தையைப் பற்றி ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார், பின்னால் நோபல் பரிசும் வாங்கினார். காரை விற்கிறவனுக்கு அதன் கோளாறு தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது என்பதால் சந்தையே எப்படிக் கெட்டுப்போகிறது என்று காட்டியவர். பழைய புத்தகத்தில் அது தலைகீழ். வாங்குகிறவனுக்குத்தான் தெரியும். என்னிடம் போன் இருக்கிறது, நெட் இருக்கிறது, சென்னையில் நண்பன் இருக்கிறான். அவரிடம் இருப்பது ஒரு ஸ்டூலும் ஈரத்துணியும்.

எனக்காக ரோஜா முத்தையாவையும் சாட்சிக்கு அழைத்தேன். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர், சென்னை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பழியாகக் கிடந்தவர். வீடு வீடாகப் பழைய புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நாடக விளம்பரம் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததைச் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் வந்தது. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனதை நினைத்துப் பாருங்கள். அவர் அள்ளிக்கொண்டு வந்ததில் எவ்வளவு அங்கேயே கிடந்து சாம்பலாகியிருக்கும்? ஒவ்வொரு கடைக்காரரிடமும் அவர் "ஐயா, இது பொக்கிஷம், விலையை ஏற்றுங்கள்" என்று சொல்லியிருந்தால் பலகை எழுதுகிறவரின் வருமானத்தில் பத்துப் புத்தகம்கூடத் தேறியிருக்காது. இந்த வாதம் எனக்கு இப்போதும் வலுவாகத்தான் தெரிகிறது. ஒரே சிக்கல், நான் ரோஜா முத்தையா இல்லை. என் அலமாரியைப் பார்க்க வருவது நான் ஒருவன்தான்.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பற்றி ஒரு இடம் உண்டு. கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காதவர்கள் என்று மட்டும் புலவர் நிறுத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். வாங்கும்போது அதிகமாக வாங்கிக்கொள்ளாதவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். கல்லூரியில் தமிழ் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோன வரி, இருபது வருஷம் கழித்து வந்து சட்டையைப் பிடித்தது.

*

அடுத்த சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன். "அண்ணே, போன வாரம் எடுத்த டிக்‌ஷனரி, அதுக்கு நல்ல விலை இருக்கு. எட்டாயிரம் வரைக்கும் போகும். பாதிய நீங்க வாங்கிக்கங்க."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்றும் ஒரு ஓரத்தில் எதிர்பார்த்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை.

"வித்த பொருளுக்கு மறுக்கா காசு வாங்குனா யாவாரம் வெளங்காது தம்பி. அது உங்களுது." சிறிது நேரம் ஒரு புத்தகத்தின் மேல் ஈரத்துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து நீட்டினார். "வெல எப்பிடிப் பாக்குறது? அதச் சொல்லிக் குடுங்க."

சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது. எந்தத் தளத்தில் தேடுவது, முதல் பதிப்பா என்று எப்படிப் பார்ப்பது, பதிப்பு ஆண்டு எந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாம். ஒரு மணிநேரம் உட்கார்ந்து, தமிழில் டைப் பண்ணுவதற்குக் கீபோர்டும் போட்டுக்கொடுத்தேன். இடைவெளியை மூடியாயிற்று. இனி அவரும் நானும் சமம். டீ வாங்கிக்கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது முதல் பக்கங்களில் பென்சிலில் இருந்த விலைகள் அழிக்கப்பட்டு, பேனாவில் புது விலைகள் இருந்தன. 40 ரூபாய் நாவல் 350. நெட்டில் இருக்கிற விலைகளிலேயே அதிகமானதைப் பார்த்து அவர் எழுதியிருக்கிறார். அங்கே ஒருவன் நாலாயிரம் என்று போட்டால் அது அவன் கேட்கிற விலை, ஆறு வருஷமாக விற்காமல் கிடக்கிறது என்று அர்த்தம், இதை நான் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். மறந்தேனா, எனக்கே அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லையா, தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்தார். "நீங்கதான தம்பி எட்டாயிரம்னீங்க?"

நான் அங்கே இருக்கும்போதே காலேஜ் பை மாட்டிய ஒரு பெண் வந்தாள். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் கிளறினாள். ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து, முதல் கதையில் ஒரு பக்கம் நின்றபடியே படித்தாள். விலை கேட்டாள். "நானூத்தம்பது." அவள் எதுவும் பேசவில்லை, பேரம்கூடப் பேசவில்லை. புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, முதுகு வெளியே தெரியும்படி ஒழுங்காக வைத்துவிட்டுப் போனாள். இரண்டு மாதத்துக்கு முன் அது 30 ரூபாய்க்குப் போயிருக்கும். நானே வாங்கி அவளிடம் கொடுத்திருக்கலாம்தான். தெரியாத ஒருவன் பின்னால் ஓடிவந்து புத்தகம் கொடுத்தால் அவள் என்ன நினைப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்ததில் அவள் சந்து திரும்பிவிட்டாள்.

அந்திபாதர் இதற்கு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய கதையில் உண்மையைச் சொன்னால் ஏழைகளுக்கு விலை இறங்குகிறது. என் கதையில் ஏறிவிட்டது. கடைக்காரருடைய அறியாமையின் நிழலில் நான் மட்டும் உட்காரவில்லை. நாற்பது வருஷமாக மதுரைப் பிள்ளைகள் அதில்தான் படித்தார்கள், நானும் என் அப்பாவும் உட்பட. ஆனால் அதற்காக அவர் காலமெல்லாம் தெரியாதவராகவே இருக்க வேண்டும் என்று நான் எப்படி விரும்ப முடியும்? அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

*

பேராசிரியர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. டீக்கடையில் பெயரைச் சொன்னதும், "தமிழ் வாத்தியார் வீடா? போன வருசம் தவறிட்டாரே" என்றார்கள். என் வீட்டிலிருந்து மூன்றாவது தெரு. கல்லூரியும் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் அதிகம். அவர்கள் ஒவ்வொருவராகப் போகப் போக தேனி ரோட்டுப் பேப்பர் கடைகளில் தடிப்புத்தகங்கள் நிறைகின்றன. எனக்கு இது பல வருஷமாகத் தெரியும். அந்தக் கடைகளையும் நான் நோட்டம் விட்டிருக்கிறேன்.

போவதா வேண்டாமா என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். கடையில் நேர்மையாக இருந்து பார்த்த அனுபவம் அப்போது புதிது. கடைசியில், அந்தக் குறிப்புகளுக்காகவாவது போக வேண்டும் என்று நினைத்தேன். "வீ." என்றால் வீரமாமுனிவர் என்று முடிவுசெய்து, அவருடைய சதுரகராதியில் அந்தச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். 1732-ல் செய்த அகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதி. பல சொற்கள் அதில் கிடைக்கவில்லை. வேறு ஏதாவது கையெழுத்துப் படியைப் பேராசிரியர் பார்த்திருப்பாரோ, அப்படியானால் இது பெரிய விஷயமாயிற்றே என்று என் மீன்பிடி மூளை மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தது.

கதவைத் திறந்தது பேராசிரியரின் மனைவி. எண்பது வயது இருக்கும். "வாய்யா, உள்ள வா" என்றார், யார் என்று கேட்கும் முன்பே. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். பேரன் உள்ளறையில் கட்டிலில் குரூப் 4 புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தான். சுவரில் பழைய அலமாரிகள் இருந்த தடம், சுண்ணாம்பின் நிறம் மாறிக் கோடு கோடாகத் தெரிந்தது.

அகராதியைக் கொடுத்தேன். மடியில் வைத்துத் தடவினார். "நாந்தான்யா எடைக்குப் போடச் சொன்னேன். புஸ்தகத்துக்கு ரெண்டு ரூமு, மனுசருக்கு ஒரு ரூமுன்னு அம்பது வருசம் இருந்தோம். முந்நூறு கிலோவுக்கு மேல. அந்தக் காசுலதான் இவனுக்கு அந்தக் கட்டிலு."

வருத்தம் எதுவும் இல்லாத குரல். நான் அங்கேயே நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்ற வேகத்தில், 150-க்கு வாங்கியதையும் அதற்கு எட்டாயிரம் தர ஆள் இருப்பதையும் சொல்லி, புத்தகமோ பணமோ அவருக்குத்தான் சேர வேண்டும் என்றேன்.

"ஒத்தப் புஸ்தகமா?"

"ஆமாம்மா."

பேரனும் நிமிர்ந்து பார்த்தான். அவர் உள்ளறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப மத்ததெல்லாம்?"

என்னிடம் பதில் இல்லை. பெரும்பாலும் கல்லூரிப் பாடநூல்களாகத்தான் இருந்திருக்கும், எல்லாமே இப்படி விலை போகாது என்று ஏதோ சொன்னேன். உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த அம்மாவுக்கு இல்லாத ஒரு நஷ்டத்தை நான் கையோடு கொண்டுவந்து வைத்துவிட்டேன். நல்ல விலைக்குக் கழித்த குப்பை, என் வாயால் ஏமாந்த சொத்தாகிவிட்டது. அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பேச்சை மாற்றத்தான் குறிப்புகளைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். எட்டாவது வரை படித்தவராம். வரியின் மேல் விரலை ஓட்டி மெதுவாக வாசித்தார். "வெள்ளென. அதிகாலை. வீ." அடுத்தது: "வெஞ்சனம். குழம்பையும் குறிக்கும். வீ." அதற்கடுத்து "மேலுக்கு முடியலை" என்பதற்கு ஒரு விளக்கம். சட்டென்று சிரித்தார்.

"இதெல்லாம் நாஞ் சொன்னதுய்யா. சோறு போடுறப்ப கேப்பாரு. இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லும்பாரு. நான் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரு. எம் பேச்சக் கேட்டு மொதல்ல கேலி பண்ணுவாரு, அப்பறம் எந்திரிச்சுப் போயி என்னமோ எழுதுவாரு. என்ன எழுதுறாருன்னு நான் பாத்ததே இல்ல."

"அப்ப இந்த 'வீ'?"

"வீட்டில்." தன்னைத்தான் குறிக்கிறது என்பதை விளக்க வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. "வெளிய யார்கிட்டயும் எம் பேரச் சொல்ல மாட்டாரு. வீட்டுல சொன்னாங்க, வீட்டுல கேக்குறாங்கம்பாரு."

நான் மூன்று மாதமாக ஓர் இத்தாலியப் பாதிரியாரிடம் தேடிக்கொண்டிருந்த சொற்கள். பேராசிரியர் சேர்த்தவை என்று நான் மதிப்புப் போட்டவை. சென்னை நண்பன் எட்டாயிரம் சொன்னது 1937-க்குத்தான், பென்சிலுக்கு இல்லை. பென்சில் குறிப்பு இருந்தால் விலை குறையும் என்றுகூட அவன் பிறகு சொன்னான்.

அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். முகம் சுருங்கியது. "கருக்கல். மாலை இருட்டு. வீ." விரலால் அந்த வரியைத் தட்டினார்.

"தப்பு. நான் இப்பிடிச் சொல்லவே இல்ல. கருக்கல்னா எங்க ஊருல விடியிறதுக்கு முன்னாடி. கருக்கல்ல எந்திரிச்சுத்தான் வயலுக்குப் போறது. சாயங்காலத்துக்கு மசங்கல்ம்போம். காதுல சரியா வாங்காம எழுதியிருக்காரு." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், பென்சில் ஒண்ணு குடுடா."

பேரன் சீவிக்கொண்டு வந்து கொடுத்தான். அவர் அதை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீ எழுதுய்யா. எனக்குக் கை நடுங்கும். அத அடிக்காத, பக்கத்துல எழுது."

எழுதினேன். "முடிவுல 'வீ' போடவாம்மா?"

"எதுக்கு? எம் பேரப் போடு."

பெயரைக் கேட்டு எழுதினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அதைச் சரிபார்த்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னார். மருமகள் வேலை முடிந்து வந்தபோது நாங்கள் இன்னும் ககர வரிசையைத் தாண்டியிருக்கவில்லை.